லண்டனின் வடக்குப் புறநகர் ரயில்பாதை: பாராமுகத்தின் விலை

லண்டன் ரயில்பாதைகளில் பெரும்பாலானவை நகர மையத்துக்குத்தான் ஓடும். காஸ்பல் ஓக் (Gospel Oak), பார்க்கிங் (Barking) என்ற பகுதிகளுக்கு இடையிலான பாதை மையத்தைத் தொடாமல் வடக்குப் புறநகர்களைக் குறுக்கே இணைக்கிறது. 1868-இல் மேற்குப் பகுதியும் 1894-இல் கிழக்குப் பகுதியும் திறந்தன. 1963-இல், நஷ்டத்தில் ஓடும் பாதைகளை மூடப் பரிந்துரைத்த பீச்சிங் அறிக்கை இதையும் மூடச் சொன்னது. மக்கள் எதிர்த்து நின்றதால் தப்பியது.

தப்பியதே தவிர, கவனிப்பு கிடைக்கவில்லை. வெகுகாலம் அரைமணிக்கு ஒரு டீசல் வண்டிதான். இத்தகைய பாதையில் வருபவர்களில் பலர் வேறு ரயிலுக்கு மாறுபவர்கள். அரைமணிக்கு ஒரு வண்டி என்றால் ஒன்றைத் தவறவிட்டாலே பயணம் கெட்டது. அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். அதன்பின் ஆள் குறைவு என்று கணக்குக் காட்டுவது நியாயமே இல்லை. வழியில் வால்தம்ஸ்டோ பகுதியில் பக்கத்துப் பக்கத்திலேயே இரண்டு நிலையங்கள், ஒன்று இந்தப் பாதையில், மற்றது வேறு பாதையில். ஆனாலும் பயணிகள் தெருத்தெருவாகச் சுற்றித்தான் போனார்கள். இரண்டையும் இணைக்கும் குறுக்கு நடைபாதை 2014-இல்தான் திறந்தது!

2007-இல் லண்டன் நகரப் போக்குவரத்து அமைப்பின் ரயில் சேவையான லண்டன் ஓவர்கிரவுண்டின் கீழ் வந்து, 2011 முதல் கால்மணிக்கு ஒரு வண்டி என்றானதும் கூட்டம் சேர்ந்தது. இரண்டே பெட்டி போதவில்லை.

மின்மயமாக்க 2016 ஜூனில் பாதையை மூடினார்கள். 25,000 வோல்ட் கம்பிக்குப் பாலத்தடியில் இடைவெளி வேண்டும். பாலத்தை உயர்த்தினால் மேலே சாலையும் அதற்குள் போகும் தண்ணீர், கேஸ் குழாய்களும் சேர்ந்து உயர வேண்டும். தண்டவாளத்தைத் தாழ்த்தினால் ஜல்லியைத் தோண்டி, வடிகாலைப் புதிதாகப் போட வேண்டும்; நடைமேடை அருகே இருந்தால் அதன் உயரமும் மாறும்.

எட்டு மாத மூடலுக்குப் பிறகும் வேலை முடியவில்லை. கம்பியைத் தாங்கும் கட்டமைப்புகள் சில தவறாக வடிவமைக்கப்பட்டிருந்தன, பொருட்களும் தாமதமாக வந்தன. மின்கம்பியை ஒரே இழுப்பில் ஒன்றரை கிலோமீட்டர் வரை கட்டுவார்கள். நடுவில் ஒரு கம்பம் பொருந்தாவிட்டாலும் அந்த இழுப்பு முழுவதும் நின்றுவிடும். அதனால் 2017 கடைசியில் மறுபடி மூட வேண்டியதாயிற்று.

கம்பி தயாரானபோது ரயில் தயாராக இல்லை. மென்பொருள் கோளாறால் புதிய வண்டிகள் தாமதமாயின. பழைய டீசல் வண்டிகளோ வேறு பகுதிக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. 2019 மார்ச்சில் சேவை மறுபடி அரைமணிக்கு ஒன்றானது. மே 23-இல் நான்கு பெட்டி மின்ரயில் ஓடத் தொடங்கியது; ஈடாகப் பயணிகளுக்கு ஒரு மாதம் இலவசப் பயணம் கொடுத்தார்கள்.