மக்கரோனுக்குக் கால் முளைப்பது எப்படி?

மக்கரோன் என்பது, 'ஓடு' எனப்படும் இரண்டு பாதாம் வில்லைகளுக்கு நடுவே கிரீம் வைத்த பிரெஞ்சு இனிப்பு. அதன் ஓடு வேகும்போது ஓவன் விளக்கைப் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்தால், ஐந்தாறு நிமிடத்தில் வேடிக்கை தொடங்கும். ட்ரேயில் வட்ட வட்டமாகப் படுத்திருந்த மாவு, வழவழப்பான மேல்தோல் கலையாமல் அப்படியே எழும்பும். அடியில் சரிகை வைத்துத் தைத்ததுபோல் ஒரு சொரசொரப்பான விளிம்பு பிதுங்கும். அதைத்தான் 'கால்' என்கிறார்கள். கால் வராத மக்கரோன், என்னைக் கேட்டால், வெறும் பாதாம் பிஸ்கட்.

இதை எழுப்புவது ஈஸ்ட் இல்லை, பேக்கிங் பவுடரும் இல்லை, முட்டையின் வெள்ளைக்கரு. அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம். சுருண்டு கிடக்கும் புரதங்கள் அடிக்க அடிக்கப் பிரிந்து, காற்றுக் குமிழ்களைச் சுற்றி வலையாகப் பின்னிக்கொள்கின்றன. சர்க்கரை கரைந்து அந்தத் தண்ணீரைக் கெட்டியாக்குவதால் நுரை சீக்கிரம் வடியாது. கொழுப்பு பட்டால்தான் வம்பு. எண்ணெய்ப் பிசுக்கு போகாத பிளாஸ்டிக் கிண்ணத்தில் வெள்ளைக்கருவை ஊற்றி, அரை மணி நேரம் முட்டை அடிக்கும் பீட்டரோடு மல்லுக்கட்டியவன் நான். கடைசிவரை அது சோப்புத் தண்ணீர் மாதிரியேதான் இருந்தது.

அப்புறம் பாதாம் மாவையும் ஐசிங் சர்க்கரையையும் சேர்த்துக் கிளறும்போது, பாடுபட்டுச் சேர்த்த காற்றில் கொஞ்சத்தை நாமே வெளியேற்றுகிறோம். ஸ்பாட்டுலாவால் தூக்கினால் மாவு ரிப்பன்போல் அறுபடாமல் விழ வேண்டும். விழுந்த தடம் சில நொடிகளில் மறைய வேண்டும். கிளறியது போதாவிட்டால் உச்சியில் கூம்பு நிற்கும். மிஞ்சினால் ட்ரே முழுக்க ஓடும்.

மாவை ட்ரேயில் வட்டமாகப் பிழிந்ததும் ஓவனில் வைக்காமல், விரலில் ஒட்டாத அளவுக்கு மேல்பரப்பு உலரும்வரை விட்டுவைப்பார்கள். சாதாரணமாக 30 நிமிடம் பிடிக்கும். மழை நாளில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். கால் முளைக்கும் சூட்சுமம் இங்கேதான். சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் உள்ளே காற்று விரிகிறது, தண்ணீர் நீராவியாகிறது. உலர்ந்த தோல் மேலே வழிவிடாது. அதனால் நீராவி அந்தத் தோலையே மூடிபோலத் தூக்கிவிட்டு, ஈரம் காயாத அடி விளிம்பு வழியாக நுரைத்து வெளியேறுகிறது. அதற்குள் புரதம் வெந்து இறுகிவிடுவதால் அந்த நுரை அப்படியே நின்றுவிடுகிறது. தோல் உலராமல் வைத்தால் நீராவி மேலே பிளந்துகொண்டு போகும்.

அலங்காரத்திலும் தண்ணீரிடம் கவனம் வேண்டும். தண்ணியான கலர் மாவை இளக்கிவிடும் என்பதால் ஜெல் அல்லது பொடிக் கலர்தான் சரி. ஆறிய ஓட்டில் தூரிகையால் வரையும்போது பொடியை வோட்காவில் குழைப்பார்கள். அது சீக்கிரம் ஆவியாகிவிடும். வெறும் தண்ணீர் என்றால் ஓட்டின் சர்க்கரை கரைந்து குழி விழும்.

கிரீம் வைத்தவுடன் கடித்தால் ஓடு மொறுமொறுவென்று உடையும். ஒரு நாள் ஃபிரிட்ஜில் வையுங்கள். கிரீமின் ஈரம் மெல்ல ஓட்டுக்குள் ஏறி, மேலே மெல்லிய மொறுமொறுப்பும் உள்ளே மெதுமெதுப்புமாக ஆகிவிடும். எங்கள் வீட்டில் அதுவரை மிஞ்சுவது நாலைந்துதான்.