‘கொப்பி’: சீனக் கார்களோடு ஒட்டிக்கொண்ட ஒரு சொல்

மட்டக்களப்பில் ‘கொப்பி’ என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுதுகொப்பி. சோதனையில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுவதும் கொப்பியடிப்பதுதான். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, இச்சொல்லின் இன்னொரு பொருள் அதிகமாகக் காதில் விழுகிறது. கல்லடிப் பாலத்தில் புதிய சீனக் கார் ஒன்று கடந்து போனால், ‘சைனாக் கொப்பி’ என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பெயர்பெற்ற வெளிநாட்டுக் கார் ஒன்றின் சாயலும் அதைவிடக் குறைந்த விலையும் உடைய சீனக் கார் என்பதே இங்கே பொருள்.

அதைச் சொல்பவர்கள் எல்லோரும் ஒன்றையே கருதுவதில்லை. சிலருக்கு அது களவு. வேறு சிலர், காலமெல்லாம் ஆசைப்பட்ட வடிவம் கைக்கெட்டும் விலைக்குக் கிடைக்கும்போது அதில் என்ன குற்றம் என்று கேட்கிறார்கள். களுவாஞ்சிகுடிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் பாஸ் ஒருவர் என்னிடம் சொன்னது மூன்றாவது வகை: “பார்வைக்குத்தான் ஒண்டு மனே, பாட்ஸ் ஒண்டும் சேராது.” மூவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், எதைப் பற்றி முரண்படுகிறார்கள் என்பதே அவர்களுக்குத் தெளிவாவதில்லை. இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதனால்தான்.

ஆங்கிலத்தின் வழியே நம்மிடம் வந்த இச்சொல், பழைய பிரெஞ்சைக் கடந்து, இலத்தீனின் ‘கோப்பியா’ என்னும் சொல்லில் போய் நிற்கிறது. அதன் முதற்பொருள் நிறைவு, மிகுதி என்பதாகும். ஓர் ஏட்டைப் பார்த்து எழுத ஒருவருக்கு வாய்ப்புக் கொடுப்பதைக் குறித்த தொடர்களில் அச்சொல் பயின்று, இடைக்கால இலத்தீனில் பார்த்தெழுதிய படியையே குறிக்கத் தொடங்கியது. களவு என்று நாம் இன்று ஏசும் சொல்லின் வேரில் இசைவு இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கார் வரலாற்றிலும் இசைவுதான் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. இந்தியாவின் அம்பாசிடர், பிரித்தானியாவின் மொறிஸ் ஒக்ஸ்போர்டை அடியாகக் கொண்டது. நிசான் நிறுவனம் 1952இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து அதன் கார்களை ஜப்பானில் பொருத்தியது. இவற்றை யாரும் கொப்பி என்பதில்லை. இவை உரிமம் பெற்ற ஆக்கங்கள். ஆனால் 1936இல் வந்த டொயோட்டா ஏஏ, அமெரிக்காவின் டிசோட்டோ எயார்ஃபுளோவின் வடிவத்தைப் பின்பற்றிய கார். ஜப்பான் கார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் நாம் இதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் சீனக் கார்களைப் பற்றிப் பேச வேண்டும்.

இசைவில்லாத ஒப்புமைக்குச் சான்று லாண்ட்விண்ட் எக்ஸ் 7 என்னும் சீனக் கார். 2014இல் காட்சிக்கு வந்த அந்தக் கார் ரேஞ்ச் ரோவர் ஈவோக்கைப் போன்றிருந்தது. விலையோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஜாகுவார் லாண்ட் ரோவர் நிறுவனம் தொடுத்த வழக்கில், ஈவோக்கின் தனித்துவமான 5 கூறுகள் எடுத்தாளப்பட்டுள்ளன என்று பீஜிங் நீதிமன்றம் ஒன்று 2019 மார்ச்சில் தீர்ப்பளித்து, விற்பனையை நிறுத்தவும் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. சீனாவின் கிரேட் வோல் பெரி, இத்தாலியின் பியட் பாண்டாவை ஒத்திருந்தது பற்றிய வழக்கு இதைவிடச் சிக்கலானது. முன்பக்கம் மட்டும் மாறிய பாண்டாவே அது என்ற கருத்தில் 2008இல் இத்தாலியின் டூரின் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. சீன நீதிமன்றமோ வழக்கைத் தள்ளிவிட்டது. நீதிமன்றங்களே ஒத்துப்போகாத இடத்தில் நம் ஊர்த் தேநீர்க்கடைப் பேச்சு ஒத்துப்போகாததில் வியப்பில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். ‘நகல்’ பொருத்தமாகத் தோன்றலாம். ஆனால் அது அறபு வழி வந்த சொல், அதோடு உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பதையே அது குறிக்கும். ‘பிரதி’ வடசொல், கச்சேரி என்னும் மாவட்டச் செயலகத்திலும் நொத்தாரிசிடமும் அது நன்றாகவே பயன்படுகிறது. ஏட்டைப் பார்த்து எழுதியதற்கு நம் முன்னோர் வைத்த சொல் ‘படி’. எழுத்துக்கு அது அழகாகப் பொருந்துகிறது, காருக்குப் பொருந்தவில்லை.

‘போலி’தான் நெடிய வரலாறு உடையது. ‘போல்’ என்னும் அடியிற் பிறந்த அச்சொல்லில் முதலில் இழிவு இல்லை. அறம் என்பது அறன் என வருவதை இலக்கணம் கடைப்போலி என்கிறது. எழுத்து மாறியும் பொருள் மாறவில்லை, யாரும் ஏமாறவுமில்லை. இன்றோ போலி வைத்தியர், போலி நாணயத்தாள் என்று வஞ்சனைக்கே அச்சொல் உரியதாகிவிட்டது. தன் சொந்தப் பெயரையும் சின்னத்தையும் தாங்கி வரும் காரை அப்படி அழைப்பது நியாயமன்று.

‘மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்’ என்னும் குறளில் (1071) ‘ஒப்பாரி’ என்பதற்கு ஒப்பு என்றே பொருள். செத்த வீட்டில் நம் பெண்கள் இறந்தவரைப் பொன்னுக்கும் முத்துக்கும் ஒப்பிட்டு அழுவதற்கும் அவ்வேரே பெயர் தந்தது. இந்த ‘ஒப்பு’ குற்றம் சாட்டுவதில்லை, சாயலை மட்டுமே சொல்கிறது. அதனோடு ‘உரு’வைச் சேர்த்து ‘ஒப்புரு’ என்பதையே நான் முன்வைக்கிறேன். 1936இல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு நமக்குப் பக்கத்து ஊர். சொல் ஆக்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆகவே லாண்ட்விண்ட் எக்ஸ் 7 ஈவோக்கின் ஒப்புரு. சீன நிறுவனமான பிவைடி 2005இல் கொண்டுவந்த எஃப் 3, டொயோட்டா கொறோலாவின் ஒப்புரு. ஆனால் அதே பிவைடி, ஔடியில் வடிவமைப்பாளராக இருந்த வுல்ஃப்காங் எக்கரை 2016இல் அமர்த்திய பின் உருவாக்கிய மின்சாரக் கார்களைப் பழைய நினைவிலேயே கொப்பி என்பது அவற்றைச் சரியாகப் பாராமல் சொல்வதாகும். பெயர்பெற்ற நிறுவனத்தின் சின்னத்தைக் களவாக அச்சடித்த பெட்டியில் வரும் பிறேக் பேட்டுக்கு மட்டும் ‘போலி’ என்ற சொல்லைக் கூசாமல் பயன்படுத்தலாம். அதை வாங்கிப் பூட்டியவருக்குத்தான் உயிராபத்து.