வேகச் சோதனையில் 190, பதிவிறக்கத்தில் 2

சாலிகிராமத்தில் வீட்டிலிருந்தே படத்தொகுப்பு செய்யும் ஒருவர் என்னை அழைத்திருந்தார். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள வாடிக்கையாளரின் சர்வரிலிருந்து அவர் காட்சிக் கோப்புகளை இறக்க வேண்டும். 12 ஜிபி கோப்பு ஒன்று இறங்க 12 மணி நேரம் ஆயிற்று. அவரிடம் இருந்தது 200 எம்பிபிஎஸ் இணைப்பு. வேகச் சோதனை 190 காட்டியது. வாடிக்கையாளர் சேவையில் "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, சார்" என்று சொல்லிவிட்டார்கள். அவர் புது ரூட்டர் வாங்கினார், பிளானை 500க்கு உயர்த்தினார். பதிவிறக்கம் அதே 2 எம்பிபிஎஸ்தான்.

வலையமைப்புப் பொறியாளராக இதே கதையை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். கோளாறு இருக்கும் இடம் ஒன்று, பணம் போகும் இடம் வேறு. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வேகச் சோதனை எதை அளக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சோதனைத் தளம் உங்களுக்கு மிக அருகில் உள்ள சர்வரைத் தானாகவே தேர்ந்தெடுக்கும். பெரும்பாலும் அது இதே ஊரில், சில சமயம் உங்கள் நிறுவனத்தின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கும். அதில் 190 வந்தால், உங்கள் வீட்டிலிருந்து நிறுவனம் வரையுள்ள பைபர் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். கடலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. அதே தளத்தில் சர்வரைக் கையால் மாற்றி சிங்கப்பூர், பிராங்க்ஃபர்ட், லாஸ் ஏஞ்சலிஸ் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். வைஃபை வேண்டாம், லேன் கேபிளைச் செருகிச் செய்யுங்கள். வைஃபையில் எடுத்த அளவை வைத்து யாரிடமும் வாதாட முடியாது.

இனி தூரம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் போகிறது. சென்னைக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் நேர்த்தொலைவே 14,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப 140 மில்லிநொடிக்குக் குறைய வழியே இல்லை. கேபிள்கள் நேர்கோட்டில் போவதும் இல்லை. எனவே பிங், அதாவது தரவு போய்த் திரும்பும் நேரம், 220 முதல் 250 மில்லிநொடி வரை வருவது இயல்பு. அதைக் கோளாறு என்று சொல்லக்கூடாது.

சர்வர் ஒரு தவணைத் தரவை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்காகக் காத்திருக்கும். ஏரியிலிருந்து குடத்தில் நீர் எடுத்து வருவதை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் சிறிது, ஏரி தொலைவு என்றால், தெருவை எவ்வளவு அகலப்படுத்தினாலும் தொட்டி சீக்கிரம் நிறையாது. படத்தொகுப்பாளர் பயன்படுத்திய பழைய மென்பொருளின் குடம், அதாவது ஒரு தவணையில் அனுப்பும் அளவு, 64 கேபி. பிங் 240 மில்லிநொடி. இரண்டையும் வகுத்துப் பார்த்தால் நொடிக்கு சுமார் 270 கேபி, அதாவது 2.2 எம்பிபிஎஸ். அவர் கண்ட வேகம் அதுவேதான்! 500 பிளான் எடுத்ததும் அவர் தெருவைத்தான் அகலப்படுத்தினார். கோப்பை எட்டு இணைப்பாகப் பிரித்து இறக்கியவுடன் 17 எம்பிபிஎஸ் கிடைத்தது. பிறகு மென்பொருளின் பஃபர் அளவை, அதாவது அந்தக் குடத்தை, 4 எம்பியாக உயர்த்தினோம், 90ஐத் தாண்டியது. செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இன்றைய இயங்குதளங்கள் இந்தக் குடத்தைத் தாங்களே பெரிதாக்கிக்கொள்ளும். அப்படியும் மெதுவாக இருந்தால் வழியில் தரவு சிந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தரவு சிறுசிறு பொட்டலங்களாகத்தான் போகிறது. ஆயிரம் பொட்டலத்தில் ஒன்று தொலைவது உள்ளூரில் உங்கள் கண்ணுக்கே தெரியாது. தொலைந்ததும் சர்வர் வேகத்தைக் குறைத்து மெல்ல மெல்ல மீட்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு போய்வரும் நேரம் ஆகிறது. இணையத்தில் தரவை அனுப்பும் வழக்கமான முறையான டிசிபியின் கணக்கில், 10 மில்லிநொடித் தொலைவில் 45 எம்பிபிஎஸ் விட்டுவைக்கும் அதே இழப்பு, 250 மில்லிநொடித் தொலைவில் 1.8 மட்டுமே விட்டுவைக்கும்.

இதைப் பார்க்க விண்எம்டிஆர் என்ற இலவசக் கருவி போதும். சர்வரின் முகவரியைக் கொடுத்து பத்து நிமிடம் ஓட விடுங்கள். வழியில் உள்ள ஒவ்வொரு ரூட்டரையும் ஒரு வரியாக, அதன் இழப்புச் சதவீதத்தோடு காட்டும். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பதரைக்கு ஒரு முறை. படிக்கும்போது பலரும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள்: நடுவில் ஏதோ ஒரு வரியில் 60 சதவீத இழப்பைப் பார்த்துப் பதறுகிறார்கள். நடுவழி ரூட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருக்கின்றன. அதற்குப் பின்வரும் வரிகளில் இழப்பு இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். ஒரு வரியில் தொடங்கிக் கடைசி வரி வரைக்கும் நீடிக்கும் இழப்புதான் உண்மையானது. அது இரவில் மட்டும் வந்தால் நெரிசலைச் சந்தேகிக்கலாம். வெளிநாட்டுக்கு வாங்கிவைத்த கொள்ளளவு உங்கள் நிறுவனத்துக்குப் போதவில்லையா என்று கேட்க வேண்டிய இடம் அது. முதல் வரியிலேயே இழப்பு இருந்தால் வெளியே தேட வேண்டாம். உங்கள் ரூட்டரையும் கேபிளையும் பாருங்கள்.

ரூட்டர் பெயர்களையும் கவனியுங்கள். அவற்றில் பல சமயம் விமான நிலையக் குறியீடுகள் ஒளிந்திருக்கும்: எஸ்ஐஎன் சிங்கப்பூர், எஃப்ஆர்ஏ பிராங்க்ஃபர்ட், எல்ஏஎக்ஸ் லாஸ் ஏஞ்சலிஸ். 2024 பிப்ரவரியிலும் 2025 செப்டம்பரிலும் செங்கடலில் கேபிள்கள் அறுந்தன. அப்படிப்பட்ட சமயங்களில் ஐரோப்பாவுக்குப் போகும் போக்குவரத்து கிழக்கே திரும்பி உலகையே சுற்றிப் போகக்கூடும். கேபிள் பழுதுபார்க்கும் கப்பல் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை நீங்கள் ரூட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை.

இன்னொன்று டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை. பெரிய நிறுவனங்களின் கோப்புகள் பல ஊர்களில் பிரதி வைக்கப்பட்டிருக்கின்றன. யாரோ சொன்னார் என்று டிஎன்எஸ்ஸை மாற்றினால், சென்னையில் இருக்கும் பிரதியை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பிரதிக்குப் போய்விட வாய்ப்புண்டு. பழையபடி வைத்து ஒருமுறை சோதியுங்கள்.

புகாரை "நெட் ஸ்லோ" என்று மட்டும் எழுதினால், வீட்டுக்கு ஆள் வந்து பைபரைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார். திருவான்மியூரில் ஒரு மாணவி, ஜெர்மனியில் உள்ள பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுத் தரவு இறக்குபவர், வேறு விதமாக எழுதினார். சர்வரின் முகவரி, தன் பொது ஐபி முகவரி, காலையும் இரவும் எடுத்த இரண்டு விண்எம்டிஆர் முடிவுகள், விபிஎன் (போக்குவரத்தை வேறு ஊர் வழியாகத் திருப்பிவிடும் சேவை) வழியாக சிங்கப்பூர் சென்று இறக்கினால் வேகம் பத்து மடங்கு கூடுகிறது என்ற ஒரு வரி. விபிஎன்னில் வேகம் கூடுவது, பழுது பாதையில்தான் என்பதற்கு நல்ல சான்று. முதல் நிலையில் புகாரை மூடிவிட்டார்கள். புகார் எண்ணைக் குறிப்பிட்டு மேல்முறையீடு செய்தார். ஐந்தாவது நாள் பிங் 330லிருந்து 150க்கு இறங்கியது. எல்ஏஎக்ஸ் என்ற குறியீடு அவருடைய பட்டியலிலிருந்து மறைந்திருந்தது.