முழங்கால் தண்ணீரில் எழுந்து நிற்காதீர்கள்

ரிஷிகேஷுக்கு வரும் நம்ம ஊர்க்காரர்கள் கங்கைக் கரையில் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்பது, "தம்பி, படகு கவிழுமா?" என்றுதான். கவிழும், எப்போதாவது. ரப்பர் படகில் ஆற்றோட்டத்தோடு போகிற ராஃப்டிங்கில் அது நடக்கிற விஷயம்தான். அதற்காகத்தான் லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், ஆபத்தில் உதவ கூடவே வரும் கயாக் என்ற சிறு படகு எல்லாம். ஆனால் தண்ணீரில் விழுந்தபின் என்ன செய்யக்கூடாது என்று இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

சிவ்புரியில் ஏறி ரிஷிகேஷில் இறங்கும் பாதை ஏறக்குறைய 16 கிலோமீட்டர். 'ரோலர் கோஸ்டர்', 'கோல்ஃப் கோர்ஸ்' என்று பெயர் வைத்த ரேபிடுகள், அதாவது ஆறு அலையடித்து வேகமாகப் பாயும் இடங்கள், அதில்தான் வருகின்றன. இடையிடையே ஆறு அப்படியே தூங்கிப் போகும். சால மரங்கள், வெள்ளை மணல் திட்டு, பாறை மேல் காயும் நீர்க்காகம் எல்லாம் பார்த்துக்கொண்டு போகலாம். மழைக்காலமான ஜூலை, ஆகஸ்டில் ராஃப்டிங் கிடையாது. மற்ற மாதங்களில் நான் அங்கே கைடு.

சில வருஷங்களுக்கு முன் கரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. பெரியவருக்கு ஐம்பது வயதிருக்கும். "அமராவதியில் தண்ணீர் ஓடின காலத்திலேயே நீச்சல் பழகினவன் தம்பி நான்" என்றார். நான் பாதுகாப்புப் பாடம் நடத்தும்போது அவர் மகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

கோல்ஃப் கோர்ஸில் அலை தூக்கியடித்ததில் அவர் தண்ணீருக்குள் போனார். நன்றாகவே நீந்தினார். ரேபிட் முடிந்து, கரையோரம் முழங்காலளவு தண்ணீருக்கும் வந்துவிட்டார். தப்பித்தோம் என்று எழுந்து நின்றார். அங்கேதான் வினை. கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே இறங்கிச் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ள, ஆள் முன்பக்கமாகக் குப்புற மடங்கிவிட்டார். முழங்காலளவு தண்ணீரில் முகம் உள்ளே! கயாக்கில் வந்த நேபாளிப் பையன் பாறை மேல் தாவி அவர் மார்பைத் தூக்கிப் பிடித்தான். நானும் இன்னொரு கைடும் அவரை ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளிக் காலை உருவினோம். சிக்கின கால் போன வழியேதான் திரும்பி வரும். முன்னால் இழுத்தால் இன்னும் இறுகும். ஷூ ஆற்றோடு போயிற்று. கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பையன் நூறு அடி தள்ளி இருந்திருந்தால் இதை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. அது ஓடும் வேகம் இரண்டு மடங்கானால், உங்கள் உடம்பைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் சும்மா நிற்கிறது. அங்கே நீச்சல் போதும். ஆற்றில் உங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நீங்களும் அதோடு சேர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது அதன் பலம் உங்களுக்குத் தெரியாது. கால் ஊன்றி நின்ற அந்த நொடியில்தான் முழு பாரமும் வந்து விழும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஓடுகிற ஆற்றில் ஆழம் தெரிந்தாலும் காலை விடக்கூடாது.

சரி, விழுந்தால் என்ன செய்வது? மல்லாந்து படுங்கள். இரண்டு காலும் ஆறு போகிற திசையில், பாதம் தண்ணீருக்கு மேலே தெரியவேண்டும். பாறை வந்தால் காலால் உதைத்துத் தள்ளலாம், தலை போய் முட்டாது. அலை வரிசையில் மாட்டினால், அலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் மூச்சு இழுங்கள், முகட்டில் அடக்குங்கள். இமயத்துப் பனி கரைந்து வரும் தண்ணீர், மே மாத வெயிலிலும் சில்லென்றிருக்கும். விழுந்ததும் தன்னையறியாமல் 'ஹக்' என்று மூச்சு வாங்கும். அது ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை பதறாமல் மிதந்தால் போதும். கயிறு வீசினால் கயிற்றைப் பிடியுங்கள், அது வந்த பையை அல்ல. பையில் இன்னும் கயிறு மிச்சமிருக்கும், உருவிக்கொண்டே போகும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. பிடித்தபின் மல்லாந்து, கயிற்றைத் தோளுக்கு மேலாக விட்டுக்கொண்டால் முகத்தில் தண்ணீர் அடிக்காது. பிருஷ்டம் பாறையில் தட்டி, தண்ணீர் தள்ளாத இடத்துக்கு வந்தபிறகுதான் எழ வேண்டும்.

ஆற்றில் விழுபவர்களைவிடப் படகுக்குள்ளேயே அடிபடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். துடுப்பின் மேல்முனையில் ஆங்கில T எழுத்து மாதிரி ஒரு பிடி இருக்கும். அதிலிருந்து கையை எடுத்தால், அடுத்த அலையில் அது பக்கத்து ஆளின் பல்லைப் பெயர்க்கும். புதுசாகக் கல்யாணமான ஒருவர் மனைவியின் முன்பல்லை அப்படித்தான் உடைத்தார். அப்புறம் படகு கரை சேரும்வரை அந்தப் பெண் அவரோடு பேசவில்லை.

ஜாக்கெட்டைப் போட்டு எல்லா பக்கிளையும் மாட்டியதும், யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காதுவரை ஏறினால் தளர்வு என்று அர்த்தம். மூச்சு விட முடியவேண்டும், ஆனால் மேலே ஏறக்கூடாது; அந்த இறுக்கம்தான் சரி. புடவையும் வேட்டியும் வேண்டாம். தாலிச் செயினைக் கழற்றச் சொல்லி மாமியாரிடம் நான் வாங்கிக்கட்டத் தயாரில்லை. ஜாக்கெட்டுக்குள்ளே போட்டு இறுக்கிவிடுங்கள்.

நம்மவர்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. கைடு இந்தியில் வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார். இவர்கள் ஒரு வார்த்தை புரியாமல் தலையாட்டுவார்கள். தேவப்பிரயாகையில் சேர்ந்து கங்கையாகும் இரண்டு ஆறுகளில் ஒன்று பாகீரதி; அந்த ஊருக்கு மேலே அதில் தெஹ்ரி அணை இருக்கிறது. மின்சாரத்துக்காகத் திறந்து மூடுவதால் காலையில் பார்த்த ஆறு மாலையில் இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் 'ஃபார்வர்ட்' (முன்னால் துழாவு), 'பேக்' (பின்னால் துழாவு), 'ஸ்டாப்' (நிறுத்து), 'கெட் டவுன்' (படகுக்குள் இறங்கி உட்கார்) என்ற நான்கு சத்தத்துக்காவது அர்த்தம் தெரியாமல் ஏறலாமா? புரியவில்லை என்றால் நிறுத்திக் கேளுங்கள். கேட்டால் எரிந்து விழுகிற கைடு என்றால் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். கூட ஒரு கயாக் வருமா என்று கட்டணத்தைப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். கேமரா வீடியோவுக்குத் தனிக்காசு உண்டா என்பதை அதற்கப்புறம் கேட்கலாம்.

கரூர்க்காரர் இந்த மார்ச்சில் மறுபடி வருகிறார். இந்த முறை மருமகனும் வருகிறாராம். போனில் என்ன ஷூ வாங்கலாம் என்று கேட்டார். பின்னால் வார் வைத்த செருப்பு போதும், பாடம் நடக்கும்போது போன் மட்டும் என் பையில் இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.