மோடம் ஏன் அலறுகிறது, லினக்ஸ் ஏன் விழிக்கிறது

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டேன். உள்ளே இருக்கும் மோடம் கார்டு வன்பொருள் பட்டியலில் தெரிகிறது, ஆனால் டயல் ஆகமாட்டேன் என்கிறது. வெளியே வைக்கும் பெட்டி மோடமைச் சொருகினால் உடனே வேலை செய்கிறது. இரண்டும் மோடம்தானே?"

பெயர்தான் ஒன்று. பிட்டுகளைத் தொலைபேசி இணைப்பு கடத்தக்கூடிய ஒலியாக மாற்றி அனுப்புவதும், வரும் ஒலியைத் திரும்பப் பிட்டுகளாக்குவதும் மோடமின் வேலை. அந்த இணைப்பில் கிடைப்பதோ சுமார் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான். பெட்டி மோடமில் இதற்குக் கணக்குப் போடும் சில்லு உள்ளேயே உண்டு. ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த 'ஏடி' கட்டளைகளை சீரியல் போர்ட் வழியே லினக்ஸ் அனுப்பினால் போதும், தனி டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தேவையில்லை. 'வின்மோடம்' எனப்படும் கார்டுகளில் விலையைக் குறைக்க அந்த வேலையைச் சிலவற்றில் பாதியும் சிலவற்றில் முழுதுமாக சிபியு தலையில் கட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட கார்டுக்கு டிரைவர் எழுதுவது, ஒரு மோடமையே மென்பொருளாக எழுதுவது.

அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிய, டயல் செய்யும்போது மோடம் போடும் அந்தப் பிரசித்தி பெற்ற அலறலைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். எதிர்முனை எடுத்ததும் வரும் நீண்ட ஊளை 2100 ஹெர்ட்ஸ். காதை வைத்துக் கேட்டால் அதில் அரை நொடிக்கு ஒருமுறை ஒரு 'டக்' கேட்கும். 450 மில்லிநொடிக்கு ஒருமுறை அந்த அலை தலைகீழாகப் புரள்வதுதான் அது. மனிதர்கள் பேசும்போது எதிரொலி கேட்காமலிருக்க தொலைபேசி வலையமைப்பு நடுவில் ஒரு கருவி வைத்திருக்கிறது. மோடம் தன் எதிரொலியைத் தானே கழித்துக்கொள்ளும், நடுவில் இன்னொருவர் கழித்தால் கணக்கு குழம்பிவிடும். "நீ கொஞ்சம் ஒதுங்கு" என்று அந்தக் கருவிக்குச் சொல்வதுதான் இந்தப் புரளல்!

அப்புறம் இரண்டும் நொடிக்கு 300 பிட் வேகத்தில் "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று விசாரித்துக்கொள்கின்றன. அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். வி.34 என்ற நெறிமுறைப்படி இயங்கும் மோடம் 150 முதல் 3750 ஹெர்ட்ஸ் வரை, 150 இடைவெளியில், நடுவில் நான்கை மட்டும் விட்டுவிட்டு 21 சுரங்களை ஒரே நேரத்தில் ஒலிக்கும். எது தேய்ந்து வருகிறது, எது இரைச்சலில் மூழ்குகிறது என்று பார்த்தால் அந்த இணைப்பின் குணம் முழுவதும் தெரிந்துவிடும். அதற்கேற்ப வேகத்தைப் பேசி முடிக்கிறார்கள். கடைசியில் வரும் 'உஸ்ஸ்' வெறும் இரைச்சல் இல்லை. கலைத்துப்போட்ட பிட்டுகளை வைத்து இரு முனைகளும் தங்கள் வடிகட்டிகளைச் சரிசெய்கின்றன.

இந்த நெறிமுறைகள் எல்லாம் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்டவை, யாரும் படிக்கலாம். ஆனால் தங்கள் சில்லை எப்படி இயக்குவது என்பதைப் பல நிறுவனங்கள் மூடி வைத்தன. சில கார்டுகளுக்கு லினக்ஸ் டிரைவர் வந்தது உண்மைதான். அதிலும் முக்கியமான பகுதி மூலநிரல் இல்லாமல்தான் வந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறிய பின் அதைத் தொடர்ந்து பராமரிக்க ஆள் இல்லையென்றால் கார்டு குப்பைக்குத்தான். இதை வணிக ரகசியம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே வாசகருக்கு: சீரியல் மோடமையே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை அணைக்காதீர்கள். டயல் டோன் இல்லை என்று பிழை வந்தால், டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யச் சொல்லும் 'ஏடிஎக்ஸ்3' (ATX3) கட்டளையை டயல் கட்டளைக்கு முன்னால் சேர்த்துவிடுங்கள். 'உஸ்ஸ்' முடிந்து அமைதியான பிறகும் இணைப்பு அறுந்தால் மோடமைச் சந்தேகிக்க வேண்டாம், தொலைபேசி இணைப்பின் மேல் இணையத்தை ஓட்டும் பிபிபி (PPP) நெறிமுறையின் அமைப்பைப் பாருங்கள். கணினியில் ஏற்கெனவே வேறொரு நெட்வொர்க் வழி இருந்தால், பிபிபி நிரல் எதிர்முனையிடமே "நீ யாரென்று நிரூபி" என்று கேட்கும். சேவை நிறுவனத்தின் கணினி வழக்கமாக அதற்கு இணங்காது. அப்படிக் கேட்காதே என்று சொல்லும் 'நோஆத்' (noauth) என்ற தெரிவைச் சேர்த்தால் சரியாகிவிடும்.