இரண்டு பைட்டுகளுக்கு நடுவே பெய்த மழை

மண்சரிவு அபாயமுள்ள இலங்கை மலையகத் தோட்டங்களில் மழையை அளப்பதற்கு உதவும் தானியங்கி மழைமானிகளில் ஒரு வகை, சிறு கிண்ணம் நிரம்பிக் கவிழும் ஒவ்வொரு முறையையும் எண்ணுகிறது. ஒரு கவிழ்வு 0.2 மில்லிமீற்றர் மழை என்று கொள்வோம். கிண்ணம் கவிழ்ந்ததும், ஓடும் நிரலை இடைநிறுத்தித் தன் சிறு வேலையைச் செய்யும் குறுக்கீடான இன்டரப்ட் ஒன்று எழுந்து, நிரலிலுள்ள 16 பிட் மாறியில் ஒன்றைக் கூட்டும். பிரதான நிரல் அவ்வப்போது அதைப் படித்து அனுப்பும். ஆர்டுயினோ ஊனோ என்ற மலிவான மின்னணுப் பலகையிலுள்ள ஏவிஆர் சில்லு இருந்தால் கொஸ்லந்தையிலோ அப்புத்தளையிலோ உள்ள பாடசாலை மாணவர்களே இதை அமைத்துவிடலாம்.

ஆனால் அது 8 பிட் சில்லு, ஒரு தடவையில் ஒரு பைட்டை, அதாவது 8 பிட்டை, மட்டுமே படிக்கும். நாம் ஒரே பெயரில் எழுதும் அந்த மாறியை, நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் தொகுப்பான் இரண்டு கட்டளைகளால்தான் படிக்க வைக்கும்: வழக்கமாக முதலில் கீழ் பைட், பிறகு மேல் பைட். மாறியில் 255 இருக்கும்போது கீழ் பைட் படிக்கப்பட்டு, மேல் பைட்டுக்குப் போவதற்குள் கிண்ணம் கவிழ்ந்தால், இன்டரப்ட் மாறியை 256 ஆக்கிவிடும். பழைய கீழ் பைட்டான 255 உடன் புதிய மேல் பைட்டான 1 (அதன் மதிப்பு 256) சேர்ந்து, நிரல் 511 என்று படிக்கும். பெய்த மழை 51.2 மில்லிமீற்றர், அனுப்பப்படுவது 102.2. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்த மண்சரிவை அறிந்த ஊரில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு லயமே, தொழிலாளர் வீட்டு வரிசையே, இரவில் வெளியேற நேரலாம். 16 மெகாஹேர்ட்ஸில் அந்த இரண்டு கட்டளைகளும் சேர்ந்து கால் மைக்ரோசெக்கன்தான் எடுக்கும் என்பதால், மேசையில் வைத்துச் சோதிக்கும்போது இந்தப் பிழை பெரும்பாலும் தலைகாட்டாது.

பலர் உடனே மாறியின் அறிவிப்பில் சி மொழியின் வொலட்டைல் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். அது தேவையானதுதான், அது இல்லாவிட்டால், தொகுப்பான் மாறியை ஒருமுறை படித்துச் சில்லுக்குள்ளேயே உள்ள பதிவகத்தில் வைத்துக்கொண்டு, நினைவகத்தைத் திரும்பிப் பாராமலே சுழன்றுகொண்டிருக்கலாம். ஆனால் வொலட்டைல் கேட்பது ஒவ்வொரு முறையும் படி என்பதை மட்டுமே. பிரிக்காமல் படி என்பதை அன்று. ஏவிஆரில் சரியான தீர்வு, படிக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் இன்டரப்டுகளை நிறுத்தி, பிரதியெடுத்தபின் முன்பிருந்த நிலைக்கே மீட்பதுதான். ஏவிஆர் சில்லுகளுக்கான சி நூலகமான ஏவிஆர் லிப்சியில் அட்டாமிக் பிளாக் என்ற மக்ரோ (பெயரிட்ட குறுநிரல்) இதைச் செய்கிறது.

32 பிட் சில்லுக்கு மாறினால் தொல்லை தீர்ந்தது என்பதும் பாதி உண்மையே. ஒழுங்காக அமைந்த 32 பிட் மாறியை வன்பொருள் ஒரே கட்டளையில் படிக்கக்கூடும், ஆனால் அந்த ஒரே கட்டளையைத்தான் தருவேன் என்று தொகுப்பான் எங்கும் வாக்களிக்கவில்லை. 2011 இல் வந்த சி மொழியின் சி11 தரநிலை, பாதுகாப்பற்ற சாதாரண மாறி ஒன்றை ஓர் இழை (நிரலில் மற்றவற்றோடு இணையாக ஓடும் ஒரு பகுதி) எழுதும் வேளையில் மற்றோர் இழை தொட்டால் நிரலின் நடத்தைக்கே வரையறை இல்லை என்கிறது. அட்டாமிக், அதாவது பிரிக்கமுடியாத, வகையாக அறிவித்த மாறிக்கே அந்த உறுதி கிடைக்கும். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவில் ரீட் ஒன்ஸ், ரைட் ஒன்ஸ் என்ற மக்ரோக்கள் பரவிக் கிடப்பதற்கும், தொகுப்பான் அணுகலைப் பிரிக்கவோ திரும்பச் செய்யவோ கூடும் என்ற இதே அவநம்பிக்கைதான் காரணம்.

அட்டாமிக் வகையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில்லில் ஏற்ற கட்டளை இல்லாதபோது, உள்ளே ஒரு பூட்டை (ஒருவர் வைத்திருக்கும்வரை மற்றவரைக் காக்க வைப்பது) வைத்து அதை நிறைவேற்றத் தரநிலை இடமளிக்கிறது. பிரதான நிரல் அந்தப் பூட்டை வைத்திருக்கும்போது இன்டரப்ட் வந்து அதே பூட்டுக்குக் காத்திருந்தால், இரண்டுமே நகராது. ஆகவே இன்டரப்டுடன் பகிரும் மாறி பூட்டின்றி இயங்குகிறதா என்பதை, அதற்கென உள்ள அட்டாமிக் இஸ் லாக் ஃப்ரீ செயற்கூற்றைக் கொண்டு முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.