வார்டில் நோயாளி உண்டு, ஆய்வில் ஆள் இல்லை

மருந்து ஆய்வு நடத்துபவர்கள் 'லசான்யா விதி' என்று ஒன்றைச் சொல்வார்கள். லூயிஸ் லசான்யா என்ற அமெரிக்க மருந்தியல் அறிஞரின் பெயரால் வந்தது. ஆய்வு தொடங்கியதும் அதுவரை வார்டு நிறைய இருந்த நோயாளிகள் காணாமல் போவார்கள். ஆய்வு முடிந்ததும் திரும்பி வருவார்கள்.

உண்மையில் அவர்கள் எங்கும் போவதில்லை. வயது, வேறு நோய், வேறு மருந்து என்று நிபந்தனைகள் பாதிப் பேரைக் கழித்துவிடும். மிச்சமிருப்பவரிடம் பக்கம் பக்கமான ஒப்புதல் படிவத்தை விளக்க நர்ஸுக்கு நேரம் இருக்காது. பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தும் ஆய்வில் இந்தச் சிக்கல் ஒவ்வொரு இடத்திலும் புதிதாக முளைக்கும்.

எது கைகொடுக்கும்? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கோக்ரேன் அமைப்பு, ஆட்களைச் சேர்க்கும் வழிகளைச் சோதித்த 68 ஆய்வுகளை 2018இல் அலசியது. ஆய்வுக்கு அழைத்த கடிதத்துக்குப் பதில் தராதவர்களைப் போனில் கூப்பிட்டு நினைவூட்டினால் கூடுதலாகச் சிலர் சேர்கிறார்கள். ஆய்வை விளக்கும் தகவல் தாளை நோயாளிகளிடமே காட்டித் திருத்தி மெருகேற்றியதில் பெரிய மாற்றம் இல்லை. எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. சிக்கல் காகிதத்தின் அழகில் இல்லை, வேலைப்பளுவில் இருக்கிறது.

கொரோனாவுக்கு மருந்து தேடிய பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு அந்தப் பளுவில்தான் கைவைத்தது. 2020 மார்ச்சில், கொரோனா உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது, ஆக்ஸ்ஃபோர்டின் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் அதைத் தொடங்கினார்கள். திட்டம் எழுதியதிலிருந்து முதல் நோயாளி சேர 9 நாள்தான் ஆனது. கொரோனாவோடு மருத்துவமனையில் இருப்பவர் யாராக இருந்தாலும், மருத்துவர் தடை சொல்லாவிட்டால் சேரலாம். இணையத்தில் சில விவரங்களைப் பதிந்தால் யாருக்கு எந்த மருந்து என்று கணினி குலுக்கிச் சொல்லிவிடும். அப்புறம், வீடு திரும்பும்போதோ 28ஆம் நாளிலோ ஒரு படிவம். மற்ற தகவல்களை தேசிய சுகாதாரப் பதிவேடுகளிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரிகளும் நோயாளிகளைச் சேர்க்கச் சொல்லி மருத்துவமனைகளுக்குக் கடிதம் எழுதினார்கள்.

ஜூன் தொடக்கத்துக்குள் 176 மருத்துவமனைகளில் 11,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்துவிட்டார்கள்.

சரி, இத்தனை பேர் எதற்கு? மலிவான ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோனை 2,104 பேருக்குக் கொடுத்து, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 4,321 பேரோடு ஒப்பிட்டார்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தார்கள். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் 26.2இலிருந்து 23.3. நூற்றுக்கு மூன்று உயிர் என்ற இந்த இரண்டாவது வித்தியாசம் சில நூறு பேரை வைத்து நடத்தும் ஆய்வில் தற்செயலோடு கலந்து மறைந்தே போயிருக்கும். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இம்மருந்தால் பயன் தெரியவில்லை என்பதும் அதே கூட்டத்தைப் பிரித்துப் பார்த்துத்தான் புரிந்தது.

ஜூன் 16இல் முடிவு வெளியானது. அன்றே பிரிட்டன் முழுக்க இந்த மருந்தைக் கொடுக்க அனுமதி வந்துவிட்டது.